"என்ஜின் வச்சு ஆடுறியா?": ஆன்லைன் செஸ்ஸில் பழி வந்தால், பழி சொல்லத் தோன்றினால், தோற்றால்

ஆன்லைனில் தொடர்ந்து செஸ் ஆடுகிறவர்களுக்கு ஒருநாள் சாட் பெட்டியில் அந்த வரி வந்து விழும்: "என்ஜின்." அல்லது "ரிப்போர்ட் பண்ணிட்டேன், பை." என்ஜின் என்பது சிறந்த நகர்வைக் கணித்துச் சொல்லும் கணினி நிரல்; அதைப் பார்த்து ஏமாற்றுகிறீர்கள் என்பதுதான் பழி. எதிராளியைப் பார்த்து அதையே தட்டக் கை பரபரக்கும் நாளும் வரும். இரண்டு நாளிலும் விசாரணை நடத்துகிற வேலை தளத்தின் நேர்மைக் குழுவுடையது. அதை நீங்கள் கையில் எடுத்தால் நேரமும் ரேட்டிங்கும்தான் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) போகும், சில சமயம் கணக்கும் போகும்.

உங்கள்மேல் பழி வந்தால்

ஆட்டம் இன்னும் நடக்கிறது என்றால் முதல் வேலை சாட்டை மூடுவது. ஆன்லைன் செஸ்ஸின் இரண்டு பெரிய தளங்கள் லிசெஸும் செஸ்.காமும். லிசெஸில் சாட் தலைப்பின் ஓரத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. கணினியில் ஆடுகிறவர்கள் 'இசட்' விசையை அழுத்தினால் ஜென் மோட் வரும். பெயர், ரேட்டிங், சாட் எல்லாம் மறைந்து பலகையும் கடிகாரமும் மட்டும் நிற்கும். செஸ்.காமிலும் ஆட்டத் திரையிலிருந்தே சாட்டை முடக்கலாம். மூன்று நிமிட பிளிட்ஸில் "இல்ல ப்ரோ, சத்தியமா நானேதான் ஆடுறேன்" என்று தட்ட எட்டுப் பத்து விநாடி பிடிக்கும். கடைசியில் ரூக்கும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் ரூக் எண்டிங்கில் அந்தப் பத்து விநாடிதான் இல்லாமல் போகும். பழி போடுகிறவர்களில் ஒரு கூட்டம் இதற்காகவே போடுகிறது.

ஆட்டம் முடிந்த பிறகும் பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் அவர் நம்பப் போவதில்லை, நம்பினாலும் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ரிப்போர்ட் என்பது "இந்த ஆட்டங்களைப் பாருங்கள்" என்ற கோரிக்கை, அவ்வளவே. உங்கள் நகர்வுகளையும் அவற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வசையும் சேர்ந்து வந்திருந்தால் அவரை பிளாக் செய்து, வசைக்கான காரணத்தைத் தேர்ந்து நீங்கள் ஒரு ரிப்போர்ட் போடுங்கள். சாட் தளத்தில் பதிவாகியிருக்கும்.

எப்படிப் பதில் சொல்லக்கூடாது என்பதற்குப் பேர்போன உதாரணம் 2020-இல் நடந்தது. புரோ செஸ் லீக் என்ற ஆன்லைன் அணிப் போட்டியின் இறுதியில் ஆர்மீனியா ஈகிள்ஸ் அணி வென்றதும், கிராண்ட்மாஸ்டர் டிக்ரான் எல். பெட்ரோசியனின் ஆட்டங்கள்மேல் எதிரணியான செயின்ட் லூயிஸின் வெஸ்லி சோ சந்தேகம் எழுப்பினார். பெட்ரோசியன் பொதுவெளியில் நீண்ட வசைமாரி எழுதி, பணப்பந்தயத்துக்கு வா என்று சவால் விட்டார். விசாரணைக்குப் பிறகு செஸ்.காம் அவருக்கு ஆயுள்தடை விதித்தது. பட்டம் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போனது. அந்தப் பதில் இன்றும் மீமாகச் சுற்றுகிறது. (1960-களின் உலக சாம்பியன் டிக்ரான் பெட்ரோசியன் வேறு ஆள்.) குற்றம் உண்மையோ பொய்யோ, வசை யாரையும் காப்பாற்றியதில்லை.

பழி ஏன் வருகிறது என்று தெரிந்தால் எரிச்சல் பாதி குறையும். பெரும்பாலும் அவர் பார்த்திருப்பது துல்லிய சதவீதத்தை, அதாவது உங்கள் நகர்வுகள் என்ஜினின் தேர்வுக்கு எவ்வளவு நெருக்கம் என்று ஆட்டம் முடிந்ததும் தளம் காட்டும் எண்ணை. "95 சதவீதம் எப்படி வரும்?" தாராளமாக வரும். எதிராளி ஒன்பதாவது நகர்வில் ராணியைத் தவறவிட்டு, ஆட்டம் பதினெட்டாவது நகர்வில் முடிந்தால், அதில் முதல் எட்டு மனப்பாடமான ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்), மீதி யாருக்கும் தோன்றும் வெட்டும் செக்கும்தான். அப்படிப்பட்ட ஆட்டத்தில் 1000 ரேட்டிங் ஆளுக்கும் 95 வரும். இருபக்கமும் மோதி 45 நகர்வு இழுத்த ஆட்டத்தில் நல்ல வீரருக்கே 80-களில் நிற்கும். சதவீதம் உங்கள் திறமையைக் காட்டுகிற அளவுக்கே எதிராளி கொடுத்த சிக்கலையும் காட்டுகிறது.

நேர்மையாக ஆடியும் தெரியாமல் விதி மீறுகிற இடங்கள் சில உண்டு. இதில்தான் நம் வீடுகளில் கவனம் போதாது. நேரடி ஆட்டத்தின்போது இன்னொரு டேபில் அனாலிசிஸ் பலகையோ ஓப்பனிங் தரவுத்தளமோ திறந்திருக்கக் கூடாது. நகர்வு காட்டும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து "குதிரையைத் தூக்கு" என்று சொல்கிற தம்பியும் விதிப்படி வெளி உதவிதான். ஒரே போனில், ஒரே கணக்கில் அப்பாவும் பிள்ளையும் மாறி மாறி ஆடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒருவர் 900, ஒருவர் 1700 என்றால் அந்தக் கணக்கின் வரலாறு பார்க்கிறவர் கண்ணுக்கு உதவி பெற்றதுபோலவே தெரியும். ஆளுக்கொரு கணக்கு வையுங்கள். நாள்கணக்கில் ஆடும் ஆட்டங்களில் மட்டும் விதி தளர்கிறது: செஸ்.காமின் டெய்லி, லிசெஸின் கரஸ்பாண்டன்ஸ் இரண்டிலும் ஓப்பனிங் புத்தகமும் தரவுத்தளமும் பார்க்கலாம். என்ஜின் அங்கும் கூடாது.

கணக்கே மூடப்பட்டால்

உடனே புதுக் கணக்கு திறக்காதீர்கள். தடையைத் தாண்ட முயன்றதாக அது பதிவாகும், பிறகு முறையீட்டுக்கு மதிப்பில்லை. லிசெஸில் முறையீட்டுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. முடக்கப்பட்ட கணக்கில் உள்ளே போய் எழுதலாம். செஸ்.காமில் உதவிப் படிவம் வழியாக எழுத வேண்டும்.

கடிதம் பத்து வரிக்குள் இருக்கட்டும். பயனர் பெயர், மூடப்பட்ட தேதி, கணக்கை வேறு யாராவது தொட்டார்களா, எந்தக் கருவியில் ஆடினீர்கள், பயிற்சி பெறுகிறவர் என்றால் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) எண், அண்மைப் போட்டி முடிவுகள். ஆட்டத்தின் நடுவில் ஓப்பனிங் தரவுத்தளம் பார்த்திருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். "வழக்குப் போடுவேன்", "ஆதாரத்தைக் காட்டு" போன்றவை எடுபடாது. கண்டறியும் முறையை வெளியிட்டால் ஏமாற்றுகிறவர்கள் அதைச் சுற்றிப் போக வழி பார்ப்பார்கள், அதனால் காட்டமாட்டார்கள். உண்மையிலேயே என்ஜின் பார்த்திருந்தால் ஒப்புக்கொள்வதுதான் ஒரே வழி, ஒப்புக்கொண்டவர்களுக்கு செஸ்.காம் இரண்டாம் வாய்ப்பு தந்ததுண்டு. ஒருமுறை எழுதிவிட்டுக் காத்திருங்கள். தினம் ஒரு கடிதம் போட்டால் வேலை வேகமாக நடக்காது.

நீங்கள் சந்தேகப்பட்டால்

தோற்ற சூட்டில் ரிப்போர்ட் பொத்தானைத் தேடாதீர்கள். கால் மணி நேரம் கழித்து அந்த ஆட்டத்தைத் திறந்து, முதலில் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். எந்த நகர்வில் நிலை சரிந்தது? அது உங்கள் தவறால் என்றால், அவர் அதைத் தண்டிக்க என்ஜின் தேவைப்பட்டிருக்காது. சந்தேகப்பட்ட ஆட்டங்களில் மிகுதி இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் நகர்வு நேரத்தைப் பாருங்கள். லிசெஸின் அனாலிசிஸ் பக்கத்தில் இதற்கு வரைபடமே இருக்கிறது. மனிதர் ஆடும்போது நேரம் ஏறி இறங்கும்: வெட்டியதைத் திரும்ப வெட்ட ஒரு விநாடி, சிக்கலான நிலையில் நாற்பது விநாடி. வேறு வழியே இல்லாத நகர்வுக்கும் ஆறு விநாடி, மூன்று நகர்வு தள்ளிப் பலன் தரும்படி காயை வேண்டுமென்றே கொடுக்கும் பலிக்கும் ஆறு விநாடி என்று சீராக ஓடினால் கவனிக்க வேண்டியதுதான். அடுத்து, நகர்வுகளின் சாயல். பத்துச் சிப்பாய் மதிப்புக்கு முன்னிலை இருக்கும்போது மனிதர் ராணிகளை மாற்றிக்கொண்டு எளிமையாக முடிப்பார். அந்த நிலையிலும் காரணமே புலப்படாத அமைதியான நகர்வுகளைத் தேர்ந்துகொண்டே போவது என்ஜின் சாயல். மூன்றாவதாக, அவருடைய மற்ற ஆட்டங்கள். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. தோற்கும் ஆட்டங்களில் 800 போலவும் வெல்லும் ஆட்டங்களில் 2500 போலவும் ஆடுகிறவரின் வரலாறு பத்து ஆட்டத்திலேயே கண்ணில் படும்.

புதுக் கணக்கு என்பதோ குறைந்த ரேட்டிங் என்பதோ ஆதாரமாகாது. லிசெஸில் எல்லோரும் 1500-இல் தொடங்குகிறார்கள். ரேட்டிங்குக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அது இன்னும் நிலைபெறவில்லை என்று பொருள். அகாடமியில் தினம் மூன்று மணி நேரம் உழைக்கிற பத்து வயதுப் பிள்ளையின் ரேட்டிங் எப்போதும் அவளுடைய ஆட்டத்துக்குப் பின்னால்தான் ஓடிவரும். தொடர் வெற்றியும் ஆதாரமில்லை. 2023 நவம்பரில் முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக், அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா பிளிட்ஸில் 46 ஆட்டத்தில் 45.5 புள்ளி எடுத்ததைச் சுட்டி ஐயம் எழுப்பினார். செஸ்.காம் ஆராய்ந்து, ஏமாற்றியதற்கான ஆதாரம் இல்லை என்றது. பல்லாயிரம் ஆட்டம் ஆடிய ஒருவர், அதுவும் பெரும்பாலும் தன்னைவிடக் குறைந்த ரேட்டிங்காரர்களோடு ஆடும்போது, இப்படி ஒரு தொடர் எங்காவது வந்தே தீரும். அந்தத் தொடரை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு வியப்பதுதான் பிழை. உலக சாம்பியனுக்கே சறுக்கிய கணக்கு இது.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீரவில்லையா, அப்போது ரிப்போர்ட் செய்யுங்கள். அவருடைய புரொஃபைலைத் திறந்து, ரிப்போர்ட் அழுத்தி, ஏமாற்றுதல் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லிசெஸ் ஆட்டத்தின் இணைப்பைக் கேட்கும். இரண்டு மூன்று கொடுங்கள். இரண்டு வரி விளக்கம் போதும்: "14-ஆவது நகர்விலிருந்து 31 வரை எல்லா நகர்வும் 5 முதல் 7 விநாடிக்குள், இணைத்திருக்கும் மற்ற இரண்டிலும் அப்படியே." "கண்டிப்பா சீட்டர்" என்பது விளக்கமாகாது. பிறகு அவரை பிளாக் செய்துவிட்டு மறந்துவிடுங்கள். விசாரணை விவரத்தை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். அவர் பிடிபட்டால் இழந்த புள்ளிகள் தானாகவே திரும்பி வரும்.

பெயர் போட்டு வாட்ஸப் குழுவிலோ முகநூலிலோ எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு தளங்களிலும் பொதுவெளியில் குற்றம் சாட்டுவதே விதிமீறல். நீங்கள் சொன்னது சரியாகவே இருந்தாலும் உங்கள்மேல் நடவடிக்கை வரலாம். குழுப் போட்டி என்றால் நடுவருக்குத் தனிச்செய்தி. இந்த விஷயத்தில் சென்னைக்காரரான ஆனந்தைப் பின்பற்றலாம். 2021 ஜூனில் கொரோனா நிதிக்காக நடந்த பிரபலங்கள் ஆட்டத்தில் தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார். மறுநாள் கணினியும் ஆட்களும் உதவியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பலகையில் இருந்த நிலையைத்தான் ஆடினேன், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்ற அளவில் ஆனந்த் நிறுத்திக்கொண்டார். கோபப்பட எல்லா நியாயமும் இருந்த இடத்தில் இரண்டே வாக்கியம்.

தோற்கும்போது

தோல்வி உறுதியானதும் கடிகாரத்தை ஓடவிட்டுப் போய்விடுவது ஆன்லைன் செஸ்ஸின் மிக மலிவான பழக்கம். தளங்கள் இதைக் கண்டுபிடிக்கின்றன. லிசெஸ் சில நிமிடங்களில் தொடங்கி, திரும்பச் செய்தால் கூடிக்கொண்டே போகும் ஆட்டத்தடை விதிக்கும். இணையத்தைத் துண்டிப்பதும் வரிசையாக டிரா கேட்டுக்கொண்டே இருப்பதும் இதே ரகம்.

தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் செய்வது மரியாதை, செய்யாததும் தவறில்லை. 1200-க்குக் கீழே கடைசிவரை ஆடுங்கள் என்றுதான் சொல்வோம். ராணியை வைத்துக்கொண்டு, எதிராளிக்கு நகர்வே இல்லாமல் செய்து ஸ்டேல்மேட் (டிரா) ஆக்குகிறவர்கள் அங்கே ஏராளம். 1800-க்கு மேல் ஒரு ரூக் குறைவாக, எதிராளிக்கு நேரமும் இருக்கும்போது இழுத்தால் உங்கள் நேரம்தான் வீண். முடிந்ததும் ஒரு "ஜிஜி" ("குட் கேம்", நல்ல ஆட்டம்) போதும். தோற்றவர் சொன்னால் அழகு; வென்றவர் முந்திச் சொன்னால் சிலருக்குக் குத்தும்.

தொடர் தோல்விதான் ஆட்களை உடைக்கிறது, அதற்கு ஒரு கணக்கு. டிராவை ஒதுக்கி, சமபலமான எதிராளிகளோடு ஒவ்வொரு ஆட்டமும் பாதிக்குப் பாதி என்று வைத்தால், 100 ஆட்டத்தில் எங்காவது தொடர்ந்து ஐந்து தோல்வி வர வாய்ப்பு சுமார் 81 சதவீதம். உங்களைவிட 200 புள்ளி குறைந்தவரும் நான்கு ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரு புள்ளி எடுப்பார். ஐந்து தோற்றது சதியுமில்லை, மூளை மழுங்கியதுமில்லை. ஆறாவதைக் கோபத்தில் ஆடுவதுதான் கேடு. பிளிட்ஸில் இழந்ததை மீட்க இன்னும் வேகமான, ஓரிரு நிமிடப் புல்லட்டுக்குத் தாவுகிறவர்கள் ஒரே இரவில் 150 புள்ளி கரைப்பதுண்டு. தொடங்கும் முன்பே வரம்பு வையுங்கள்: தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் பத்து நிமிடம் எழுந்து நடப்பது, மூன்றாவது என்றால் அன்றைக்கு ஆட்டம் போதும். ரேட்டிங்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறது என்றால் லிசெஸ் செட்டிங்ஸில் அதை மறைத்துவிடலாம்.

மறுநாள் அந்தத் தோல்வியை என்ஜின் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். எங்கே தவறியது என்று நீங்களே குறித்துவிட்டு, பிறகு என்ஜினைப் போடுங்கள். என்ஜின் காட்டும் இடமும் நீங்கள் குறித்த இடமும் வேறாக இருந்தால் அன்றைய பாடம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு வரியில் எழுதி வையுங்கள்: "எதிராளியின் செக்கைப் பார்க்காமல் சிப்பாயை வெட்டினேன்." இப்படிப் பதினைந்து இருபது வரி சேர்ந்தால் ஒரே தவறு நாலைந்து முறை வந்திருப்பது தெரியும். புல்லட் ஆட்டங்களுக்கு இந்த உழைப்பு தேவையில்லை. ஓப்பனிங்கின் முதல் பத்து நகர்வைச் சரிபார்த்தால் போதும்.