பிரேசிலில் எந்த ஊர், எந்தக் கடற்கரை? வடசென்னையிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

வியாசர்பாடிக்கு ‘மினி பிரேசில்’ என்ற செல்லப்பெயர் கால்பந்தால் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள், கையில் நான்கு காசு சேர்ந்ததும் அசல் பிரேசிலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று திட்டமிடும்போது, பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். ரியோ டி ஜனேரோ, சால்வடோர், அமேசான் காடு, இகுவாசு அருவி ஆகிய நான்கையும் பதினான்கு நாள்களுக்குள் அடைத்துவிடப் பார்க்கிறார்கள். அந்த நாட்டின் பரப்பு ஏறத்தாழ 85 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு. கடற்கரை மட்டும் 7,400 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீள்கிறது. வரைபடத்தில் விரற்கடை தூரமாகத் தெரியும் ரியோவுக்கும் சால்வடோருக்கும் இடையிலான சாலைவழி, சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குப் போவதற்குச் சமமானது.

ஆகவே ஊர்களின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் நீங்கள் போகக்கூடிய மாதத்தை உறுதி செய்யுங்கள். அந்த மாதத்திற்கு ஏற்ற கடற்கரைப் பகுதி எது என்று பாருங்கள். அந்தப் பகுதியில் தங்குவதற்கு வசதியான நகரம் ஒன்றைப் பிடியுங்கள். குளிக்கும் கரையைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். படத்தில் அழகாக இருந்த கரையை முதலில் தேர்ந்து, மற்றவற்றை அதற்கேற்ப வளைத்தால், அங்கே போய் ஒரு வாரம் மழையைப் பார்த்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்க நேரிடும்.

பிரேசிலின் பெரும்பகுதி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், நமக்குக் கோடை என்பது அவர்களுக்கு இலையுதிர் காலம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களே. அந்த மாதங்களில் வடகிழக்குக் கரையில் உள்ள சால்வடோரிலும் ரெசிஃபியிலும் நல்ல மழை. ஃபோர்டலேசாவிலும் பிப்ரவரியில் தொடங்கிய மழை மே வரை விடுவதில்லை. அதே வேளையில் ரியோவில் கோடை மழை குறைந்து, வெப்பம் தணிந்து, கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். எனவே கோடை விடுமுறைக்காரர்கள் ரியோவையும் அதற்கு மேற்கே உள்ள கரையையும் தவிர வேறெதையும் எண்ண வேண்டியதில்லை. தீபாவளியை ஒட்டிய விடுப்பில் போகக்கூடியவர்களுக்கு வடகிழக்கு முழுவதும் திறந்திருக்கிறது. அங்கே அக்டோபரும் நவம்பரும் வெயில் மாதங்கள். கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறை என்றால் எச்சரிக்கை தேவை: அது பிரேசில்காரர்களின் கோடை விடுமுறை, ஊரே கடற்கரையில் இருக்கும், புத்தாண்டு இரவில் ரியோவின் கோபகபானா கரை வெள்ளாடை உடுத்திய கூட்டத்தால் நிறைந்திருக்கும். கார்னிவல் திருவிழா எப்போது வருகிறது என்று இராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். சாம்பல் புதனுக்கு முந்தைய சில நாள்களே அது. அந்த நாள்களில் பல விடுதிகள் ஓரிரவுக்கு அறை தருவதில்லை, நான்கைந்து இரவுகளைச் சேர்த்தே எடுக்கச் சொல்லும்.

இனி ரியோ. கோபகபானா நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள வளைவான கரை. அதை அடுத்து இபனேமா, லெப்லோன். இன்னும் மேற்கே பதினெட்டு கிலோமீட்டர் நீளமுள்ள பார்ரா டா டிஜுகா. உயிர்காப்பாளர் நிற்கும் கோபுரங்களுக்கு அங்கே ‘போஸ்டோ’ என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஊர்க்காரர்கள் கரையின் இடத்தை அந்த எண்ணைக் கொண்டே குறிப்பார்கள் என்பதால், அறை தேடும்போது எந்தப் போஸ்டோவுக்கு அருகில் என்று கேட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். முதன்முறை போகும் குடும்பத்திற்கு, மெட்ரோ வசதியுள்ள கோபகபானாவில் தங்கி, இபனேமாவில் குளிப்பதே என் பரிந்துரை. இரண்டுக்கும் இடையில் நீண்டிருக்கும் அர்ப்போவடோர் பாறையில் மாலையில் கூட்டம் அமர்ந்து, சூரியன் மறைந்ததும் கைதட்டும். கிழக்குக் கரையில் பிறந்து, கடலிலிருந்து சூரியன் எழுவதை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கைதட்டலில் சேர்ந்துகொள்ளத் தோன்றும்.

ஆனால் ரியோவின் எல்லாக் கரையிலும் இறங்கிவிடக் கூடாது. குவானபாரா விரிகுடாவுக்குள் இருக்கும் பொட்டாஃபோகோ, ஃபிளமெங்கோ கரைகளிலிருந்து சர்க்கரைக்கட்டி மலையைப் பார்ப்பது பேரழகு. தண்ணீரோ நகரத்தின் கழிவைச் சுமப்பது. எண்ணூர் கழிமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் நமக்கு, ஒரு கரையைப் பார்த்ததும் அதில் வந்து கலப்பது எது என்று கேட்கும் பழக்கம் தானாகவே இருக்கிறது. அந்தப் பழக்கத்தை விமானத்தில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மாநிலச் சுற்றுச்சூழல் துறை எந்தக் கரை குளிக்கத் தக்கது, எது தகாதது என்று தொடர்ந்து அறிக்கை வெளியிடுகிறது. அதில் ‘இம்ப்ரோப்ரியா’ என்றிருந்தால் குளிக்கத் தகாதது என்று பொருள். பெருமழை பெய்த மறுநாள் எந்த நகரக் கரையிலும் இறங்காமலிருப்பது நல்லது.

ரியோவில் நான்கு நாள் போதும். மீதி நாள்களை மேற்கே செலவிடுங்கள். பேருந்தில் நான்கைந்து மணி நேரத்தில் பராட்டி என்ற பழைய துறைமுக ஊர் வரும். ஏற்றத்தின்போது கடல்நீர் அதன் கல் பாவிய தெருக்களுக்குள் நுழைந்து வடியும்படி அமைந்த ஊர் அது. அருகிலுள்ள இல்யா கிராண்டே தீவில் கார்களே கிடையாது. லோப்பஸ் மெண்டிஸ் கரைக்குக் காட்டுப்பாதையில் நடக்கலாம், அல்லது படகில் பாதி தூரம் போய் நடக்கலாம். பராட்டியும் இந்தத் தீவும் சேர்ந்து 2019-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ரியோவுக்குக் கிழக்கே அர்ரயால் டோ காபோ என்ற ஊரின் நீர் கண்ணாடிபோல் தெளிந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையே. ஆனால் வடகிழக்குக் காற்று வீசும்போது அடிக்கடலின் குளிர்நீர் அங்கே மேலெழுவதால், வெயில் கொளுத்தும் நாளிலும் கால் வைத்ததும் உடம்பு சிலிர்க்கும். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் இதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம்.

வடகிழக்கில் ஒரே ஒரு நகரத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால், நான் தயங்காமல் சால்வடோரைச் சொல்வேன். 1549 முதல் 1763 வரை பிரேசிலின் தலைநகராக இருந்த ஊர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் இசையையும் வழிபாட்டையும் சமையலையும் அங்கே வலுவாகக் காத்து வருகிறார்கள். தெருவோரத்தில் வெண்ணிற உடையணிந்த பெண்கள் விற்கும் அக்கரஜே, காராமணியை ஊறவைத்து அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரித்தெடுப்பது. ஏறக்குறைய நம்முடைய காராமணி வடைதான், நடுவே பிளந்து இறால் வைத்துத் தருகிறார்கள் என்பதே வேறுபாடு. இறால் உண்ணாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிப்ரவரி 2 அன்று ரியோ வெர்மெல்யோ பகுதி மீனவர்கள் கடலன்னை இயமஞ்சாவுக்குப் பூவும் வாசனைப் பொருள்களும் படகில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மாசி மகத்தன்று சாமியைக் கடலுக்கு அழைத்துவரும் குப்பத்து மக்களுக்கு அதன் உணர்வை விளக்க வேண்டியதில்லை. குளிப்பதற்குப் போர்ட்டோ டா பார்ரா கரை ஏற்றது. விரிகுடாவின் வாயில் மேற்கு நோக்கி அமைந்திருப்பதால் அலை அடங்கியிருக்கும், சூரியனும் நீர்ப்பரப்பின் மேலேயே மறையும்.

ரெசிஃபி நகரத்தின் போவா வியாஜெம் கரையில், 1992 முதல் சுறாத் தாக்குதல்கள் பதிவாகி வருவதால், எச்சரிக்கைப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். அவை அலங்காரத்துக்கு அல்ல. நீர் வற்றிய நேரத்தில், கரையை ஒட்டிய பாறைத்திட்டுக்கு உட்புறம் மட்டும் இடுப்பளவு நீரில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே போர்ட்டோ டி கலின்யாஸ் என்ற ஊரில், வற்றத்தின்போது பாறைகளுக்கிடையே மீன்கள் நிறைந்த குளங்கள் உருவாகும். சிறிய பாய்மரப் படகில் அழைத்துப் போவார்கள். தவறான நேரத்தில் போனால் அது வெறும் கடல்தான். சென்னையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவே என்பதால் நாம் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. அங்கே அது இரண்டு மீட்டரைத் தாண்டும். பிரேசில் கடற்படை வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, பகல் வெளிச்சத்தில் நன்றாக வற்றும் நாளுக்கு அந்த ஊரை ஒதுக்குங்கள்.

காசிமேட்டுக்காரர்களிடம் நான் தனியாகச் சொல்வது ஃபோர்டலேசா. அந்தக் கரையில் ‘ஜங்கடா’ என்ற படகு உண்டு. எடை குறைந்த மரத்துண்டுகளைச் சேர்த்துப் பிணைத்து, முக்கோணப் பாய் கட்டி ஓட்டும் பழைய வடிவத்தைப் பார்த்தால் கட்டுமரத்தின் தூரத்து உறவு என்றே தோன்றும். 1881-இல் அந்த ஊர் ஜங்கடா ஓட்டிகள், அடிமைகளைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்ல மாட்டோம் என்று மறுத்து நின்றார்கள். அவர்களை வழிநடத்திய ஃபிரான்சிஸ்கோ ஜோசே டோ நாசிமெந்தோவுக்குக் ‘கடலின் டிராகன்’ என்று பெயர். 1884-இல் அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட சியாரா மாகாணம் அடிமை முறையை ஒழித்தது. நாடு முழுவதும் அது ஒழிய 1888 ஆனது. அவர் பெயரில் ஒரு பண்பாட்டு மையம் நகரத்தில் இருக்கிறது. அதன் அருகிலுள்ள இராசேமா கரையையும் பாருங்கள்: முகுரிப்பே துறைமுகம் கட்டிய பிறகு மணல் வரத்து தடைபட்டு அரித்துப்போன கரை அது. சென்னைத் துறைமுகத்தால் தெற்கே மெரினா அகன்றதையும், வடக்கே நம் கரை கருங்கல் கொட்டிக் காக்கும் நிலைக்கு வந்ததையும் அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. மேற்கே சுமார் 300 கிலோமீட்டரில் உள்ள ஜெரிகோவாகோவாரா அழகிய ஊர்தான். ஆனால் ஜூலை முதல் டிசம்பர் வரை காற்று ஓயாது, மணல் கண்ணில் விழும். காற்றாடிப் பலகை ஓட்டுவோர் அதைத் தேடியே வருகிறார்கள், குடை விரித்து உட்கார விரும்புவோருக்கு அது உதவாது. மணல்மேடுகளுக்கிடையே நீலக் குளங்கள் நிற்கும் லென்சோயிஸ் மரன்யென்சிஸ் பூங்காவைத் தீபாவளி நேரத்தில் சேர்க்காதீர்கள். மழை நின்றபின் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் குளங்கள் நிறைந்திருக்கும்.

தெற்குப் பகுதியை டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்கள் மட்டும் எண்ணலாம். ஜூலையில் ஃபுளோரியனோப்போலிஸ் கடலில் இறங்கினால் பல் கிட்டும். அதற்குத் தெற்கே லகுனா என்ற ஊரில், ஓங்கில்கள் (டால்பின்கள்) மடவை மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் விரட்டிவர, இடுப்பளவு நீரில் வரிசையாக நிற்கும் மீனவர்கள் அவற்றின் அசைவைக் குறிப்பறிந்து வலை வீசுகிறார்கள். இதற்காக ஒருவர் குளிர் மாதத்திலேயே போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். சாவோ பவுலோ மாநகரத்திற்குக் கடல் இல்லை. விமானம் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும் என்பதால் ஒரு நாள் தங்கி, சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள சாண்டோஸ் துறைமுக நகரத்தில் பெலே அருங்காட்சியகத்தைப் பார்த்துவரலாம். வியாசர்பாடிப் பையன்கள் உடன் வந்தால் இதைத் தவிர்க்கவும் முடியாது. அமேசானும் இகுவாசுவும் வேறு வேறு பயணங்கள். கடற்கரைப் பயணத்தோடு ஒன்றை மட்டும் சேர்க்கலாம், அதுவும் பதினாறு நாளுக்குக் குறையாமல் இருந்தால்.

ஊர் முடிவான பிறகு கரையைத் தேரும்போது மூன்றைப் பாருங்கள்: கரை எந்தத் திசை நோக்குகிறது, பின்னால் எவ்வளவு உயரக் கட்டடம் நிற்கிறது, பக்கத்தில் முகத்துவாரம் இருக்கிறதா. கிழக்கு நோக்கிய கரையில் மாடிக் கட்டடங்கள் நெருங்கி நின்றால் பிற்பகலிலேயே மணல் நிழலாகிவிடும். பால்னியாரியோ கம்போரியூ நகரம் இந்த நிழலுக்குப் பேர்போனது, 2021-இல் அங்கே மணல் கொட்டிக் கரையை அகலப்படுத்தினார்கள். சிவப்புக் கொடி பறந்தால், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இறங்கக் கூடாது. கைப்பேசியையும் கடவுச்சீட்டையும் மணலில் வைத்துவிட்டு நீருக்குள் போகாதீர்கள்; இருட்டிய பிறகு ஆளில்லாத மணலில் நடக்காதீர்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடா நகரங்கள் போன்ற இடைநகரம் ஒன்றில் மாறிப் போகவேண்டும், போகவும் வரவும் தலா இரண்டு நாள் வரை கழிந்துவிடும். ஒரு நகரத்தில் இறங்கி வேறு நகரத்திலிருந்து திரும்பும்படி பயணச்சீட்டு எடுத்தால் வந்த வழியே மீள வேண்டியதில்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னரேனும் போட்டுக்கொள்ளுங்கள். இராஜாஜி சாலைப் பக்கமுள்ள துறைமுகச் சுகாதார அலுவலகத்திலோ கிண்டி கிங் நிறுவனத்திலோ முன்பதிவு செய்யலாம். அறுபது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றட்டை இல்லாமல் திரும்பினால் சென்னை விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்பட நேரும் என்பதால், அதைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.