தவக்காலத்தில் ஓர் அன்பியம் நீதிக்காக உழைப்பது எப்படி?

தவக்காலம் என்கிற நோன்புக்காலம் திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை வரை 46 நாள்கள். ஞாயிறுகளைக் கழித்தால் 40. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவுக்கு அரசு அலுவலகம் பதில் தர வேண்டிய கெடு 30 நாள். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தவக்காலத்தின் முதல் வாரத்தில் அனுப்பிய மனுவுக்குக் குருத்து ஞாயிற்றையொட்டிப் பதில் வந்துவிட வேண்டும் என்பது விளங்கும். மதுரையில் எங்கள் அன்பியம் தன் தவக்காலத்தை இந்தக் கணக்கை வைத்துத்தான் அமைத்துக்கொள்கிறது. பக்கத்து வீடுகளைச் சேர்ந்த இருபது, முப்பது குடும்பங்கள் எங்கள் அன்பியம் போலக் கூடிச் செபிக்கும் எந்தக் குழுவுக்கும் இது பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் தங்கள் வட்டார ஜெபக்கூட்டத்தை மனத்தில் வைத்துப் படிக்கலாம்.

முதலில் தருமத்தையும் நீதியையும் பிரித்துக்கொள்ள வேண்டும். தவக்காலத்தில் நாம் வழக்கமாகச் செய்வது தருமம். வீட்டுக்கு வீடு அரிசி சேர்த்து மூட்டையாக்கி, ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தூய்மைப் பணியாளருக்கு ஐந்து கிலோ அரிசி கொடுப்பதும், அவர் சம்பளத்தில் பிடித்த பணம் அவர் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கேட்பதும் ஒன்றல்ல. முன்னதைச் செய்தால் எல்லோரும் பாராட்டுவார்கள், பின்னதைச் செய்தால், "அன்பியத்துக்கு எதற்கு இந்த வேலை?" என்று நம்மவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நாம் தனியாக வாதம் தயாரிக்க வேண்டியதில்லை, திருவழிபாட்டு வாசகங்களே பதில் வைத்திருக்கின்றன. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று திருப்பலியில் வாசிக்கப்படும் எசாயா 58ஆம் அதிகாரம், அநீதியின் கட்டுகளை அவிழ்ப்பதே கடவுள் விரும்பும் நோன்பு என்கிறது. முதல் வாரத் திங்களன்று வாசிக்கப்படும் லேவியர் 19ஆம் அதிகாரமோ, கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்று கட்டளையிடுகிறது. பல ஆண்டுகள் இந்த வாசகங்களைக் கேட்டும், அவை கேட்பது நோன்பைப் பற்றி மட்டும் அல்ல, சம்பளக் கணக்கைப் பற்றியும்தான் என்று எனக்கு உறைத்ததில்லை.

முதல் கூட்டத்தை லேவியர் வாசகத்தோடு தொடங்குவது நல்லது. ஒருவர் நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும். பிறகு வேறொருவர் அதையே மறுபடி வாசிக்க வேண்டும். அதன்பின் ஐந்து நிமிடமாவது யாரும் பேசக்கூடாது. நம் கூட்டங்களில் இதுதான் மிகக் கடினம், ஏனெனில் அமைதி விழுந்தவுடன் யாராவது ஒரு பாட்டை எடுத்துவிடுவார்கள். அமைதிக்குப் பின் ஆளுக்கொரு தாள் கொடுத்து, நம் முன்னோர் ஆத்தும சோதனை என்று சொன்னதைக் கணக்காக எழுதச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் வேலை செய்பவருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம், எந்தத் தேதியில் கொடுக்கிறோம், கடைசியாக எப்போது கூட்டினோம், காய்ச்சலில் வராத நாளுக்குப் பிடித்தோமா என்பவை போதும். இதை யாரும் உரக்க வாசிக்க வேண்டியதில்லை. மடித்து அவரவர் விவிலியத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். எனக்குச் சம்பளம் மாதக் கடைசி நாளே வந்துவிடும், ஆனால் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற அக்காவுக்கு நான் ஏழாம் தேதிதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை, அப்படியே பழகிவிட்டது. இந்தக் கணக்கைச் சரிசெய்யாமல் ஊர்க் கணக்கைக் கேட்கப் போனால் நம் குரலே நமக்குக் கேலியாகக் கேட்கும்.

இரண்டாவது வேலை, கேட்பது. எதைப் பற்றி மனு எழுதலாம் என்று படித்தவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது. அன்பியத்துக்குள்ளேயே யாருக்கு என்ன அநியாயம் நடந்திருக்கிறது என்பதை அவர்களே சொல்ல வேண்டும். அவர்கள் வாய் திறக்க வேண்டுமானால், கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் மாற வேண்டும். எங்கள் தெருவில் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அக்கா பல ஆண்டுகளாக அன்பியத்தில் இருந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவரை இரவு எட்டு மணிக் கூட்டத்துக்கு வரச் சொன்னால் தூங்கி விழத்தான் செய்வார். அதை விடப் பெரிய காரணம் ஒன்று இருந்ததை நான் தற்செயலாகத்தான் கவனித்தேன். செபம் முடிந்து காபி வந்தபோது எங்கள் எல்லோருக்கும் எவர்சில்வர் தம்ளர், வாசற்படியோரம் உட்கார்ந்திருந்த அவருக்கு மட்டும் காகிதக் குவளை. டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றிக் கூட்டம் போட்டுக் கண்டித்தவர்கள் நாங்கள். காகிதக் குவளை வந்தபின் கழுவ வேண்டிய வேலை மிச்சம் என்ற சாக்கில் அதே குவளை எங்கள் வரவேற்பறைக்குள்ளேயே வந்துவிட்டது. நான் என் தம்ளரை நீட்டியபோது, "இருக்கட்டும்மா, எனக்கு இதுவே போதும்" என்று அவர் சொன்னதில் கோபம் இல்லை, அதுதான் உறுத்தியது. அதற்கடுத்த கூட்டத்தை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அவர் வீட்டிலேயே வைத்தோம். அங்கே காபி கொடுத்தவர் அவர், குடித்தவர்கள் நாங்கள். அன்றுதான் பேசினார்.

இதைக் கட்டாய விதியாகவே வைத்துக்கொள்ளலாம்: தவக்காலக் கூட்டங்களில் பாதியாவது கூலிவேலை செய்பவர்களின் வீடுகளில் நடக்கட்டும். வீடு சிறியது என்று அவர்கள் தயங்கினால் வாசலில் பாய் விரித்துக்கொள்ளலாம்.

பேச்சில் நான்கைந்து குறைகள் வெளிவரும். குடிநீர், பட்டா, முதியோர் உதவித்தொகை, கந்துவட்டி என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் ஒன்றும் நடக்காது. ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் காகிதத்தால் நிரூபிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எங்களுக்கு அது வருங்கால வைப்பு நிதியாக அமைந்தது. அந்த அக்கா, உள்ளாட்சி அமைப்பின் துப்புரவு வேலையை ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் ஒன்றின்கீழ் வேலை செய்கிறார். செபமாலைப் புத்தகத்துக்குள் நான்காக மடித்து வைத்திருந்த சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடித்தம் காட்டப்பட்டிருந்தது, ஆனால் பணம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. இதைச் சரிபார்ப்பது எளிது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து ₹12,000 என்றால், அதில் 12 விழுக்காடாகிய ₹1,440 தொழிலாளியிடம் பிடிக்கப்படும். அதே அளவை நிறுவனமும் போட வேண்டும். அந்த மாதத்துத் தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்திவிட வேண்டும். ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தால் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. சம்பளச் சீட்டில் யுஏஎன் என்ற பன்னிரண்டு இலக்க வைப்பு நிதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணோடு கைபேசி எண் இணைக்கப்பட்டிருந்தால், கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒன்று உட்கார்ந்து பாஸ்புக்கைப் பத்து நிமிடத்தில் திறந்து காட்டிவிடும். எங்கள் அன்பியத்தில் அதுவரை வராமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் இந்த வேலைக்கு மட்டும் தவறாமல் வந்தார்கள். சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லாத மாதங்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, சீட்டுகளையெல்லாம் நகலெடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மனு எழுதும்போது முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. பாதிக்கப்பட்டவரின் பெயரில் மனு போடக்கூடாது. ஒப்பந்தத் தொழிலாளியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவார்கள். நாம் செபித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், அவர் வீட்டில்தான் அடுப்பு எரியாது. ஆகவே அந்த வேலையைச் சாராத ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் போன்றவர், தம் பெயரில் தகவல் கேட்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்பந்தத்தின் நகலையும், ஒப்பந்ததாரர் பில்லோடு இணைத்துத் தந்த வைப்பு நிதிச் செலுத்துச்சீட்டுகளின் நகலையும் எந்தெந்த மாதங்களுக்கு என்று குறித்துக் கேளுங்கள். ஏன் செலுத்தவில்லை என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது, நகல் கேட்டால் மறுப்பது கடினம். ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் வேலை கொடுத்த முதன்மை அமைப்பே பொறுப்பு என்பதால் இந்தக் காகிதங்கள் அந்த அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். விரைவுத் தபாலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த நாளை நோட்டில் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கையில் நகல்கள் வந்தபின் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் ஒன்று. மனுவைக் கொடுத்துவிட்டுப் பதிவு எண் உள்ள ரசீது வாங்காமல் வரக்கூடாது. மற்றொன்று, வைப்பு நிதி நிறுவனம் மாவட்டந்தோறும் மாதத்தின் 27ஆம் தேதி நடத்தும் குறைகேட்பு முகாம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வாசலாகக் கிராம சபையும் உண்டு. மார்ச் 22ஆம் தேதி உலகத் தண்ணீர் நாளன்று கூடும் சபை பெரும்பாலும் தவக்காலத்துக்குள்ளேயே வரும்.

இதற்கிடையில் செபம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். மனு போகும்வரை செபிப்பதும், போனபின் மறந்துவிடுவதும்தான் நாம் செய்யும் தவறு. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் நேர்மையற்ற நடுவரிடம் திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கும் கைம்பெண்ணை இயேசு செபத்துக்கு உவமையாகச் சொல்கிறார். அந்தப் பெண் செய்தது, ஒரு வகையில், மனுவைத் தொடர்ந்து விசாரித்ததுதான். ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் நோட்டைத் திறந்து இந்த வாரம் யார் எங்கே போனார்கள், என்ன சொன்னார்கள் என்பதை வாசித்தபின் மன்றாட்டுகளைச் சொல்லுங்கள். அலுவலகத்தில் உட்கார வைத்து அலைக்கழித்த எழுத்தருக்காகவும் பெயர் சொல்லாமல் மன்றாடுங்கள். இது பெருந்தன்மைக்காகச் சொல்வதல்ல: வெறுப்போடு போகிறவர்கள் இரண்டாம் முறை அலைந்ததும் களைத்துவிடுகிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். 1925இல் மதுரைக்கு மிஷனரியாக வந்த அமெரிக்கர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான், விடுதலைப் போராட்டத்தின் பக்கம் நின்றதற்காக 1930இலும் 1944இலும் இந்தியாவை விட்டு வெளியேற்றப்பட்டவர். இரண்டு முறையும் திரும்பி வந்து, காந்திகிராமத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் உழைத்தார். செபத்தையும் போராட்டத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டவருக்கு அந்த நெடும் பொறுமை வாய்த்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நான்காம் வாரத்துக்குள் பார்வையை நம் கோவிலுக்குள்ளும் திருப்ப வேண்டும். இதைத் தள்ளிப்போடப் பல நல்ல காரணங்கள் கிடைக்கும். இயேசு சபையினரின் மதுரை மிஷனின் வரலாறே இதற்குப் பாடம்: 1606இல் வந்த தத்துவபோதகர் என்கிற ராபர்ட் தே நொபிலி அந்தணத் துறவியின் கோலத்தில் உயர்சாதியாரோடு மட்டும் பழகினார், ஒடுக்கப்பட்டவர்களை அணுகப் பின்னர் பண்டாரசாமிகள் என்று தனி வகையினர் ஏற்பட்டனர். 1693இல் ஓரியூரில் தலைவெட்டப்பட்ட அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) பண்டாரசாமிக் கோலத்தில் உழைத்தவர். அந்தப் பிளவு இன்றைக்குக் கல்லறைத் தோட்டத்திலும் தேர் வரும் தெருவிலும் பல ஊர்களில் தெரிகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியல் இனத்தில் சேர்க்காததால், அவர்கள்மீது சாதிக்கொடுமை நடந்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. எனவே திருச்சபைக்குள் அவர்களுக்கு நியாயம் செய்ய வேண்டிய கடமை கூடுதலாகிறது. தொடங்குவதற்கு எளிய கேள்வி ஒன்று உண்டு. கோவில் வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளைக்கும், பங்குப் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும், சமையல்காரருக்கும் என்ன சம்பளம், வைப்பு நிதி உண்டா என்பதைப் பங்குப் பேரவையில் மரியாதையாக, எழுத்தில் கேட்க வேண்டும். நான் முன்பு இருந்த ஒரு பங்கில் இதைக் கேட்டபோது, "அவங்க எல்லாம் சேவையா செய்றாங்க" என்று பதில் வந்தது. சேவை செய்பவருக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று பங்குத்தந்தை கேட்டால், அன்பியத்தின் சார்பில் இந்தத் தொழிலாளர்களின் பெயர்களைக் கொடுங்கள். 2016 முதல் பெண்களின் பாதங்களையும் கழுவ விதி இடம் தருகிறது. ஆனால் வைப்பு நிதி விவகாரம் முடியுமுன் அதைப் படம் எடுத்துப் பரப்ப வேண்டாம்.

எங்கள் அக்காவின் கணக்கில் விடுபட்ட மாதங்களில் சில மட்டும் ஏறியிருக்கின்றன. மற்ற மாதங்களுக்குச் செலுத்துச்சீட்டு நகல் கேட்டுச் செய்த முதல் மேல்முறையீட்டில் முழுப் பதில் இல்லை. இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள் கெடு இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு என்றால் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும், வைப்பு நிதி நிறுவனம் என்றால் மத்தியத் தகவல் ஆணையத்துக்கும் அனுப்ப வேண்டும். உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் நோட்டை மூடிவிடாமல், அந்தக் கடைசித் தேதியைச் சுவரில் தொங்கும் கோவில் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.