பங்காளிப் பேச்சில் சூடு ஏறாமல் இருக்க

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளுக்குப் பங்காளிகள் பல பேர். ஓடு மாற்றும் செலவைப் பேச உட்கார்ந்தாலே குரல் உயர்ந்துவிடும். இதில் எனக்குக் கைகொடுத்தவை பதஞ்சலி யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் வரும் 33, 34ஆம் சூத்திரங்கள்.

முதலில் 34. மூச்சை வெளியே விட்டு நிறுத்துவது பற்றியது. பேச்சுக்குப் பத்து நிமிடம் முன்பே முகப்பில் உட்காருங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் தடுக்கு மட்டும் போதாது; போர்வையை மடித்து இடுப்புக்கு அடியில் வைத்தால்தான் முதுகு தானாக நிமிரும். 4 எண்ணி மூக்கால் இழுத்து, 8 எண்ணி விடுங்கள். விட்டபின் 2 எண்ணும் வரை நிறுத்தினால் போதும். பத்துச் சுற்று. நிறுத்துவதை நீட்டினால் அடுத்த மூச்சு திணறி வரும், படபடப்பு கூடும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் நிறுத்தவே வேண்டாம்.

33 சொல்வது: சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் பொருட்படுத்தாமை. வெளிநாட்டு அண்ணன் தன் வசதியைப் பேசினால் முதலாவது. பணம் புரட்ட முடியாத சித்தப்பாவுக்கு இரண்டாவது. நான்காவதைத்தான் பலரும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். குத்தல் பேச்சை விட்டுவிடலாம், கணக்கை விடக் கூடாது. ஓட்டுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, ஒரு பங்குக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதி, பேச்சு தொடங்கும் முன்பே எல்லோர் கையிலும் ஒரு சுற்று கொடுத்துவிடுங்கள்.