குறும்படத்துக்குக் கூட்டு நிதி திரட்டுவது எப்படி?

பலரிடமிருந்து சிறு சிறு தொகைகளாக இணையத்தில் நிதி திரட்ட உதவும் கிரவுட்ஃபண்டிங் தளத்தில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டால் முகம் தெரியாதவர்கள் தாமாகவே வந்து பணம் தருவார்கள் என்று எண்ணியே பலரும் தொடங்குகிறார்கள். ஆனால் முதல் தொகை பெரும்பாலும் நம்மை அறிந்தவர்களிடமிருந்துதான் வரும். அவர்கள் தந்திருப்பதைக் கண்ட பிறகே மற்றவர்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதியைப் பக்கம் வெளியாவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

படி 1: பட்ஜெட்

திரைக்கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்து, கேமரா வாடகை, சாப்பாடு, பயணம், படத்தொகுப்பு, ஒலிக்கலவை, இசை உரிமை, சப்டைட்டில், திரைப்பட விழாக்களின் நுழைவுக் கட்டணம் என ஒவ்வொன்றையும் எழுதுங்கள். படப்பிடிப்போடு கணக்கை நிறுத்திக்கொண்டு, ஒலிக்குப் பணமில்லாமல் தவிக்கும் படங்கள் ஏராளம்.

அடுத்து, தளத்தின் கட்டணத்தையும் பணப் பரிமாற்றக் கட்டணத்தையும் சேருங்கள். கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட்ஃபண்டிங் தளம் திரண்ட தொகையில் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பரிமாற்றக் கட்டணம் தனி. கட்டணங்களுக்கு 10 சதவீதமும், பணம் தரும் ஆதரவாளர்களுக்கு நாம் அனுப்பும் பரிசுகளுக்கு 10 சதவீதமும் போகும் என்று வைத்துக்கொண்டால், படத்துக்கு 100 பங்கு தேவைப்படும்போது இலக்கு 120 அல்ல, 125 ஆக இருக்க வேண்டும். ஏனெனில் அந்த 20 சதவீதம் திரளும் மொத்தத் தொகையிலிருந்தே கழிகிறது. வரியைப் பற்றியும் முன்கூட்டியே கணக்காளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: தளம்

கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. ஆதரவாளர்களிடமிருந்தும் பணம் எடுக்கப்படாது. இது கடுமையாகத் தோன்றினாலும், பாதிப் பணத்தில் முழுப் படத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் திண்டாடுவதைவிட நல்லது என்பதே என் கருத்து. எந்தத் தளமானாலும், உங்கள் நாட்டில் வசிப்பவர்கள் அதில் நிதி திரட்ட முடியுமா என்பதை முதலில் பாருங்கள்.

படி 3: பெயர்ப் பட்டியல்

இதுதான் உயிர்நாடி. நீங்களும் குழுவினர் ஒவ்வொருவரும் உறவினர், நண்பர், பழைய வகுப்புத் தோழர், உடன் பணிபுரிந்தவர் ஆகியோரின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவரும் எவ்வளவு தரக்கூடும் என்று அடக்கமாக மதிப்பிடுங்கள். இலக்கின் மூன்றில் ஒரு பங்காவது இந்தப் பட்டியலிலிருந்து தேறாது என்று தோன்றினால், இலக்கைக் குறைக்க வேண்டும் அல்லது தொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டும். படத்தின் கருப்பொருளோடு தொடர்புள்ள சங்கங்களையும் குழுக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காது கேளாத சிறுமியைப் பற்றிய கதைக்கு, பொதுவான சினிமா ரசிகர்களைவிடச் சைகை மொழி பேசும் சமூகத்தினரே நெருக்கமானவர்கள்.

படி 4: வீடியோவும் பரிசுகளும்

இரண்டு, மூன்று நிமிடங்களுக்குள் இயக்குநர் நேரில் தோன்றி, கதை என்ன, ஏன் இப்போது எடுக்க வேண்டும், பணம் எதற்குச் செலவாகும் என்று சொன்னால் போதும். ஒலி மட்டும் தெளிவாக இருக்கட்டும். பரிசாக டி-ஷர்ட் போன்ற பொருள்களைத் தவிர்த்து, நன்றிப் பட்டியலில் பெயர், திரைக்கதைப் பிரதி, படப்பிடிப்புக் குறிப்புகள் போன்றவற்றைத் தாருங்கள். அவற்றுக்கு அஞ்சல் செலவு குறைவு.

படி 5: திரட்டும் நாள்கள்

கிக்ஸ்டார்ட்டர் 60 நாள்கள் வரை அனுமதித்தாலும் 30 நாள்களே போதும். நெருங்கியவர்களிடம் முன்பே பேசிவைத்து, முதல் நாளிலேயே பணம் செலுத்தச் சொல்லுங்கள். பொதுப்பதிவுகளை நம்பாமல் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதுங்கள். நடுவில் வரவு தேங்குவது இயல்பு என்பதால், நடிகர் அறிமுகம், ஒத்திகைக் காட்சி போன்ற புதிய செய்திகளை அந்த நாள்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

பணம் வந்த பின்

படம் தாமதமானால் காரணத்தை ஆதரவாளர்களுக்கு உடனே தெரிவியுங்கள். இணையத்தில் பொதுவில் வெளியான படங்களைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. எனவே ஆதரவாளர்களுக்குக் கடவுச்சொல் கொண்ட இணைப்பை மட்டும் அனுப்பி, விழாச் சுற்று முடியும்வரை அதைப் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.