தரங்கம்பாடியில் வாட்டர்கலர்: வானத்தில் விழுந்த திட்டுகள்

1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையைக் கரையில் உட்கார்ந்து வரைந்தபோது, வானத்துக்கு இட்ட நீலம் ஒவ்வொரு முறையும் காலிஃபிளவர் மாதிரி திட்டாகிப் போனது. பெயின்ட்டில் குறை இல்லை. விடியற்காலைக் காற்றில் ஈரம் அதிகம். தாள் காய மிகவும் தாமதமாகும். மேலாகப் பளபளப்பு போனதும் காய்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த தூரிகையை வைத்தால், புதுத் தண்ணீர் பழைய நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம்தான். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) கனமான பருத்தித் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, பலகையை லேசாகச் சாய்த்து வைத்தேன். கீழ் விளிம்பில் தேங்கும் சொட்டைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்ததும் திட்டு நின்றது. வானம் காயும்வரை மதில் நிழல்களின் எல்லையைப் பென்சிலில் குறித்துக்கொள்ளலாம், வெயில் ஏற ஏற அவை நகர்ந்துவிடும்.

கடல் தண்ணீரில் தூரிகை கழுவவே கூடாது. காய்ந்தபின் உப்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும், தாளிலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், இரண்டு கிண்ணம் போதும்: ஒன்று கழுவ, ஒன்று கலக்க.

நிறம் கலக்கும் பேலட்டை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். இரவு முழுக்க ஃபேன் காற்றில் திறந்து வையுங்கள்.

மிச்சத் தாள்களைச் சிலிகா ஜெல்லோடு ஜிப் கவரில் போடுங்கள். ஈரம் ஏறி, நிறம் சட்டென்று ஊறாமல் தடுக்கும் பசை கெட்ட தாள் மைஒற்றுத்தாள் போல நிறத்தைக் குடித்துவிடும். அதைப் பென்சிலுக்கு ஒதுக்கிவிடுவதே நல்லது.