தஞ்சை வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூருக்கு வருகிற வெளியூர்க்காரர்களில் பலர் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் பெரிய கோயில் வாசலில் வந்து இறங்குகிறார்கள். காலையில் திருச்சி மலைக்கோட்டை, அடுத்தது தஞ்சாவூர், இருட்டுவதற்குள் கும்பகோணம் என்று யாரோ போட்டுக்கொடுத்த திட்டம். சன்னதி நடை சாத்துகிற நேரம் அது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சித்திரை வெயிலில் கொதிக்கிற தரையில் நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டிருக்கும்போது சோழர் கலையை யார் ரசிக்க முடியும்? டெல்டாவின் கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டரை வாக்கில் மூடி நான்கு மணிக்குத்தான் திறக்கும். காலை ஆறரைக்குக் கோயில், பத்து மணிக்கு அரண்மனை, மதியம் சாப்பாடும் ஓய்வும், மாலையில் மறுபடி கோயில் என்பதுதான் இந்த ஊருக்கு ஒத்துவரும் கணக்கு.

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று கிளம்புவது இன்னொரு வழக்கம். சாமி கும்பிட அது சரி. ஆனால் சில அரசு அருங்காட்சியகங்களுக்கு அன்று வார விடுமுறையாக இருக்கலாம், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பிரதோஷ நாள் மாலையில் பெரிய கோயிலுக்குப் போனால் நந்தியைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைத்தான் பார்க்கலாம். அதுவும் ஒரு காட்சிதான், சிற்பம் பார்க்க வந்தவருக்கு மட்டும் அது உதவாது.

இருப்பதிலேயே பெரிய தவறு, அரண்மனையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது. ஒரே வளாகத்துக்குள் கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம், மராத்தியர் தர்பார் மண்டபம் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. முதலில் கண்ணில் பட்ட கவுண்ட்டரில் ஒரு டிக்கெட்டை வாங்கி, ஒரு கூடத்தைச் சுற்றிவிட்டு, "அவ்வளவுதானா?" என்று ஆட்டோ ஏறுகிறவர்கள் உண்டு. இந்த டிக்கெட் எதற்கெல்லாம் செல்லும், மதிய இடைவேளை உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். பிள்ளைகளோடு வந்தால் ஆயுதகோபுரத்துப் பக்கம் வைத்திருக்கும் திமிங்கல எலும்புக்கூட்டை விடாதீர்கள். 1955இல் தரங்கம்பாடியில் கரை ஒதுங்கியது அது. நடராசர்களுக்கு நடுவே இது எதற்கு என்று கேட்கக் கூடாது.

கலைக்கூடத்தில் நடராசர்கள் எல்லாரையும் ஓட்டமாகப் பார்ப்பதைவிட ஒரே ஒரு சிலை முன்னால் கால்மணி நேரம் நிற்பது மேல். என்னைக் கேட்டால் திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளைமேல் கை சாய்த்து நிற்கிற சிவனைச் சொல்வேன். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி, மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. சடையே தலைப்பாகையாகச் சுற்றியிருக்கிறது. வலக்கை காளையின் மேல் சாய்ந்திருக்கிறது. ஆனால் காளை இல்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு காளை நிற்பதாகவே கண்ணுக்குத் தோன்றும், அவ்வளவு நிச்சயமாக அந்தக் கையும் ஒயிலான இடுப்பும் சாய்ந்திருக்கின்றன. பக்கவாட்டில் போய் முதுகையும் பாருங்கள். பூசையில் இருக்கிற உற்சவரை அலங்காரத்தோடுதான் பார்க்க முடியும். உலோகத்தின் வளைவுகள் பட்டுக்கும் மாலைக்கும் அடியில் போய்விடும். அருங்காட்சியகத்தின் லாபமே இதுதான். இங்கே வந்தும் காலடியில் காசு வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறவர்களை என்ன சொல்வது?

கல்யாணபுரத்துத் துவாரபாலகரும் இங்கேதான் இருக்கிறார். முதலாம் இராசாதிராசன் சாளுக்கியர் தலைநகரைத் தாக்கி எடுத்துவந்த கற்சிலை. "கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்" என்று பீடத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். சிலை கிடைத்தது கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில். அங்கேயிருந்த அழகான சிற்பங்கள் வேறு சிலவும் தஞ்சைக்கு வந்துவிட்டன. ஆகவே தாராசுரத்தை மட்டும் பார்த்தவர் அந்தக் கோயிலை முழுதாகப் பார்த்தவர் ஆகமாட்டார். தாராசுரத்தில் நிமிர்ந்தே நடப்பதும் தவறு. நாயன்மார் கதைகள் கருவறைச் சுவரின் கீழ்வரிசையில் சிறுசிறு சிற்பங்களாக ஓடுகின்றன. உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கதைகளை நம்புவது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். காலையிலோ மாலையிலோ போனால் நிழலில் நின்றுகொண்டே அந்தக் கதையைக் கேட்கலாம். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்பதும் அப்படித்தான். பல கற்களைச் சேர்த்துத்தான் அமைத்திருக்கிறார்கள். கழுத்து வலிக்க மேலே பார்த்துவிட்டுப் போகிறவர்கள் காலருகே இருக்கிற நிஜமான அதிசயத்தைக் கவனிப்பதில்லை. விமானத்தின் அடித்தளத்தில் இராசராசனின் வாக்கு அப்படியே இருக்கிறது: "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்". நெஞ்சு நிமிர்த்திக்கொள்கிற அரசன் அக்காவுக்குத் தனக்கு அடுத்த இடத்தைக் கொடுத்திருக்கிறான். இன்னொரு கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், நானூறு பேரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை வரிசையாக இருக்கிறது. சோழர்கால எழுத்து சட்டென்று பிடிபடாதுதான். ஓரிரு எழுத்துகளைக் கற்றுக்கொண்டு போனால் சுவரே வேறு மாதிரி தெரியும்.

உள்சுற்றில் இருக்கிற சோழர் ஓவியங்களைப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. காவலரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை. வளாகத்து விளக்கக் கூடத்தில் படங்கள் இருக்கின்றன.

கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போவது நல்லது. பூம்புகாரில் பழைய பட்டினம் மணலில் எழுந்து நிற்காது. கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறை, பல்லவனேச்சரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம் என்று தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளில் நல்ல பங்கு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை 1620இல் தொடங்கியது. அதற்கு மாலை வெயில்தான் பொருத்தம்.

கங்கைகொண்ட சோழபுரத்தைக் கடைசியில் செருகி, இருட்டியபின் போய்ச் சேருவதும் நடக்கிறது. அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகப் போகும்போது கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை வரும். 1836இல் அதைக் கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் கட்டிய கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆகவே கொள்ளிடத்தைத் தாண்டும்போது காரில் தூங்கிவிடாதீர்கள். பார்க்க வந்ததில் ஒரு பங்கு அந்தத் தண்ணீருக்கடியில்தான் இருக்கிறது.