துப்பாக்கி வழக்கில் தண்டனையா? அப்பீலுக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

நான் வக்கீல் குமாஸ்தா. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தண்டனை பெற்றவர்களின் வீட்டார் பெரும்பாலும் தீர்ப்பு வந்து இருபது நாள் அழுது தீர்த்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக 30 நாள்தான் கெடு.

தீர்ப்பு சொன்ன அன்றே ஒரு வேலை இருக்கிறது. தண்டனை 3 ஆண்டுக்கு மேல் போகாமல், அதுவரை ஜாமீனில் இருந்தவரானால், அப்பீல் செய்யப்போகிறோம் என்று சொல்லி அதே மாஜிஸ்திரேட்டிடமே தண்டனையை நிறுத்திவைக்க மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 389, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 430. இந்தக் குற்றத்துக்கு ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாகக் குறைந்தபட்சமே 2 ஆண்டு, அதிகபட்சம் 5. அதனால் 2 அல்லது 3 ஆண்டோடு நின்ற பலருக்கு இந்த வழி திறந்திருக்கிறது. அப்புறம் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீலோடு மறுபடி நிறுத்திவைப்பு மனு போட வேண்டும்.

சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும். சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுக் காத்திருந்தால், நகல் தயாராக ஆன நாட்கள் கெடுவில் சேராது. மனு போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் அதிலேயே முத்திரையாக இருக்கும். அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, இனி கேஸ் கட்டு. நான் முதலில் புரட்டுவது கலெக்டரின் அனுமதி ஆணையை. ஆயுதச் சட்டம் பிரிவு 39-ன்படி, உரிமம் இல்லாத துப்பாக்கி வழக்குக்கு மாவட்ட நடுவரின் (அதாவது கலெக்டரின்) முன் அனுமதி வேண்டும். ஒரு கேஸ் கட்டில் அனுமதி 4-ஆம் தேதி. துப்பாக்கியைப் பரிசோதித்த அறிக்கையோ 11-ஆம் தேதி. அறிக்கையே வராமல் எதைப் பார்த்து அனுமதி கொடுத்தார்கள்? அதையே முதல் காரணமாக எழுதினோம்.

அடுத்து பறிமுதல் மகஜர், அதாவது துப்பாக்கியைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன்னால் எழுதிய பத்திரம். எத்தனை மணி, எந்த இடம், சீல் வைத்தார்களா, மகஜர் சாட்சி கோர்ட்டில் என்ன சொன்னார் என்று வரிவரியாக ஒப்பிடுங்கள். துப்பாக்கியின் அடையாளம் மகஜரில் ஒன்றாகவும் பரிசோதனை அறிக்கையில் வேறாகவும் இருந்தால் அது பெரிய ஓட்டை.

மூன்றாவது, ஆயுதம் உண்மையில் யார் வசம் இருந்தது. 1972-லேயே குன்வந்த் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுதம் இருப்பது தெரிந்தே வைத்திருந்தார் என்பது வேண்டும் என்றது. நாலு பேர் புழங்கும் வீட்டுப் பரணில் எடுத்திருந்தால், இவருக்குத் தெரியும் என்று எந்தச் சாட்சி, எந்தப் பக்கத்தில் சொன்னார்? யாரும் சொல்லவில்லை என்றால் அதை அப்படியே காரணமாக எழுதுங்கள். "என் மகன் நல்லவன்" என்று எழுதுவதால் அப்பீலுக்கு வலு சேராது. அந்த வேதனை எனக்குப் புரியாமல் இல்லை.

வக்கீலுக்குப் பணமில்லையா? சிறையில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு; 15100-க்குப் போன் செய்யுங்கள். சிறை அதிகாரி வழியாகவும் அப்பீல் அனுப்பலாம். கெடு தாண்டியிருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அதையும் சேருங்கள்.